மருந்தடிக்காத மரக்கறி: தெல்லிப்பழைச் செம்மண்ணின் நான்கு காலங்கள்

சென்ற வருடம் மூன்று கிழமைக்கு ஒருமுறை ராத்தாவைத் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவுக்குக் கூட்டிப் போய் வந்தேன். சோனகதெருவில் ஆட்டோ பிடித்தால் காங்கேசன்துறை வீதி வழியே கொக்குவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம் தாண்டித் தெல்லிப்பழைச் சந்தி. 2011இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை, நாட்டின் முழு நீளத்தையும் நடந்தே கடந்தவர்கள் திரட்டிய நிதியால் எழுந்த சிகிச்சை நிலையம் அது. தெற்கில் பிச்சுப் போட்ட காசும் வடக்கில் சேர்த்துப் போட்ட காசும் அந்தச் சுவர்களில் இருக்கின்றன.

அங்கே முறை வரும்வரை வாங்கில் காத்திருக்க வேண்டும். காத்திருப்பவர்கள் பேசுவதெல்லாம் சாப்பாட்டைப் பற்றித்தான். "எல்லாம் தோட்டத்துக்கு அடிக்கிற மருந்தால வந்த வினை" என்பார் ஒருவர். "மருந்தில்லை அம்மா, பக்கற்றில வாற சாமான்தான்" என்பார் இன்னொருவர். "எங்கட கிணத்துத் தண்ணியைக் குடிச்சுப் பாருங்கோ, தெரியும்" என்பார் மூன்றாமவர். ராத்தா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு என்னிடம் மெல்லச் சொன்னா: "தம்பி, போற வழியில மருந்தடிக்காத மரக்கறி கிடைச்சா வாங்கிட்டுப் போவம்."

சின்ன வேண்டுகோள்தான். ஆனால் அதை நிறைவேற்றப் போனபோது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இந்த ஊரில் மருந்தடிக்காத மரக்கறி எப்போது சாதாரண மரக்கறியாக இருந்தது? எப்போது அது தேடிப் போய் வாங்கும் பொருளாயிற்று? கேட்டும் படித்தும் பார்த்ததில், இந்தச் செம்பாட்டு மண் இரசாயனம் இல்லாமல் விளைந்தது ஒருமுறையல்ல, மூன்று முறை என்று தெரிந்தது. முதல்முறை வழக்கத்தால், இரண்டாம் முறை முற்றுகையால், மூன்றாம் முறை வர்த்தமானியால். மூன்றும் நிலைக்கவில்லை. ஏன் நிலைக்கவில்லை என்பதைத்தான் இங்கே எழுத முனைகிறேன். கையில் பையோடு சந்தைக்குப் போகும் நமக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது.

வாப்பாவின் சைக்கிளும் ஆட்டெருவும்

வாப்பா ஆட்டு வியாபாரி. கிழமையில் இரண்டு நாள் வலிகாமத்துக் கிராமங்களுக்குச் சைக்கிளில் போவார். அளவெட்டி, மல்லாகம், தெல்லிப்பழைப் பக்கம் அவருக்கு வாடிக்கையான வீடுகள் இருந்தன. "நானா வந்திட்டார்" என்று சொல்லிப் படலையைத் திறப்பார்கள். ஆட்டைப் பார்த்து, விலை பேசி, தேத்தண்ணி குடித்து, திரும்பும்போது ஒரு கடகத்தில் கத்தரிக்காயோ முருங்கைக்காயோ சைக்கிள் கரியரில் ஏறியிருக்கும். வாப்பா அடிக்கடி சொல்லும் ஒரு வார்த்தை: "அந்தாக்கள் ஆட்டை விப்பினம், எருவை விக்க மாட்டினம்."

அதன் பொருள் எனக்குப் பின்னாளில்தான் விளங்கியது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு இல்லை. மழைகாலத்தில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றை விட்டால், விவசாயம் முழுவதும் கிணற்றை நம்பியது. அடியில் சுண்ணாம்புப் பாறை, மேலே சில அடி செம்மண். அந்த மண்ணில் சத்து தானாகத் தங்காது, ஆண்டுதோறும் கொண்டுவந்து போடவேண்டும். அதனால் ஆட்டுப்பட்டியையும் மாட்டுப்பட்டியையும் இரவில் தோட்டத்திலேயே அடைத்து மறித்தார்கள். பூவரசு, காவிளாய் போன்றவற்றின் குழையை வெட்டி மண்ணில் தாழ்த்தார்கள். குழை போதாதபோது தீவுப்பகுதியிலிருந்தும் வன்னியிலிருந்தும் வண்டி கட்டி இறக்கினார்கள். துலா மிதித்துப் பட்டையால் தண்ணீர் இறைத்தார்கள். இன்று 'சேதனப் பயிர்ச்செய்கை' என்று பெயர் வைத்துச் சொல்வதை அவர்கள் பெயரில்லாமல் செய்தார்கள்.

இதைப் பொற்காலம் என்று சொல்லிவிட்டுப் போவது இலகு. ஆனால் இரண்டு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் அது வரலாறாகாது.

முதலாவது, அந்தக் குழையைச் சுமந்ததும் துலாவில் ஏறி இறங்கியதும் யார் என்பது. ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த தேசவழமைச் சட்டத்திலேயே அடிமைகளைப் பற்றிய விதிகள் இருக்கின்றன. 1844இல் இலங்கையில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. ஆனாலும் சாதியின் பேரால் கூலியில்லாமலோ குறைந்த கூலிக்கோ தோட்டத்தில் வேலை வாங்குவது அதற்குப் பின்னும் நெடுநாள் தொடர்ந்தது. நஞ்சில்லாத அந்த உணவு, சொல்லமுடியாத உழைப்பின் மீது விளைந்தது. தண்ணீர்ப் பம்பியும் பசளை மூடையும் வந்தபோது அதைத் தோட்டக்காரர் இருகை நீட்டி வாங்கியதில் ஆச்சரியமில்லை.

இரண்டாவது, அந்த எருவில் பெரும் பங்கு போன பயிர் எது என்பது. கத்தரிக்காயல்ல, புகையிலை. யாழ்ப்பாணப் புகையிலை 18, 19ஆம் நூற்றாண்டுகளில் திருவிதாங்கூர் வரை கப்பலேறியது. குடாநாட்டின் காசுப்பயிர் அதுதான். ஆட்டெருவும் குழையும் மட்டுமே போட்டு வளர்த்த, இன்றைய கணக்கில் அசல் 'இயற்கை' விளைபொருள். அதையே வெற்றிலை பாக்கோடு சேர்த்து மென்றால் வாய்ப்புற்று வரும் என்பது இன்று ஐயத்துக்கிடமில்லாமல் நிறுவப்பட்ட உண்மை. இலங்கை ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோயே வாய்ப்புற்றுத்தான். தெல்லிப்பழை வாங்கில் தாடை வீங்கி உட்கார்ந்திருக்கும் முதியவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும். இரசாயனம் போடாதது எல்லாம் உடம்புக்கு நல்லது என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒரு பயிரே பதில்.

பசளை மூடை வந்த காலம்

1950களிலும் 60களிலும் மண்ணெண்ணெய்ப் பம்பி வந்தது. துலாக்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. யூரியாவும் கிருமிநாசினியும் அதன் பின்னால் வந்தன. 1970 முதல் 1977 வரை ஆட்சியிலிருந்த அரசாங்கம் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. அந்த ஏழு ஆண்டுகளும் யாழ்ப்பாணத் தோட்டக்காரருக்கு நல்ல காலம். செத்தல் மிளகாய் மூடைகளும் வெங்காயப் பிடிகளும் லொறி லொறியாகக் கொழும்புக்குப் போயின. கல்வீடு கட்டினார்கள், பிள்ளைகளைப் படிப்பித்தார்கள். படித்த வாலிபர்கள்கூடத் தோட்டம் செய்ய வந்தார்கள். 1977க்குப் பின் திறந்த பொருளாதாரம் வந்து இறக்குமதிக் கதவு திறந்தபோது விலை விழுந்தது. ஆனால் பசளையும் மருந்தும் விடவில்லை. விலை குறைந்தால் விளைச்சலைக் கூட்டித்தானே ஈடுகட்ட வேண்டும்?

அதன் விலையைக் கிணறு கொடுத்தது. சுண்ணாம்புப் பாறையில் வெடிப்புகளும் குகைகளும் உண்டு. மேலே போடுவது வடிகட்டப்படாமலே கீழே இறங்கிவிடும். குடிநீரில் நைத்திரேற்று ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. 1980கள் முதல் குடாநாட்டுக் கிணறுகளில் செய்யப்பட்ட ஆய்வுகள், தோட்ட நிலங்களை அண்டிய பல கிணறுகள் அந்த அளவைத் தாண்டியிருப்பதைத் திரும்பத் திரும்பக் காட்டின. கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்கும் தண்ணீரில் இது மிகுந்தால், குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறனை இழந்து உடல் நீலம் பாரிக்கும்.

இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. நைத்திரேற்று யூரியாவில் இருந்து மட்டும் வருவதில்லை. அளவுக்கு மிஞ்சிப் போட்ட மாட்டெருவிலிருந்தும் வரும், வீட்டு மலக்குழியிலிருந்தும் வரும். 'சேதனம்' என்ற பெயர் கிணற்றுக்குப் பாதுகாப்பல்ல. எவ்வளவு போட்டோம், எப்போது போட்டோம் என்பதும் கணக்கில் வரவேண்டும்.

கிணற்றின் கதை அங்கேயும் முடியவில்லை. தெல்லிப்பழைக்கு ஐந்தாறு கிலோமீற்றர் தள்ளிச் சுன்னாகம் மின் நிலையத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய் மிதந்த விவகாரம் 2014, 2015இல் பெரிய மக்கள் போராட்டமாயிற்று. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு கொடுக்கும்படி மின் உற்பத்தி நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. அந்தக் காலத்தில் பவுசரில் தண்ணீர் பிடித்துச் சமைத்த வீடுகளில், கீரைக்கு மருந்தடித்தார்களா என்று கேட்பதற்கு முன்னால் கீரையை எந்தத் தண்ணீரில் கழுவுவது என்ற கேள்வி நின்றது.

1990: இரண்டு இடப்பெயர்வுகள்

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. பலாலியையும் காங்கேசன்துறையையும் சுற்றிய வலிகாமம் வடக்கு மக்கள் வீட்டையும் தோட்டத்தையும் விட்டு ஓடினார்கள். வாப்பாவின் வாடிக்கை வீடுகள் பலவற்றின் படலை அப்போதே பூட்டப்பட்டுவிட்டது. நாலு மாதம் கழித்து, ஒக்டோபர் 30ஆந் திகதி, எங்கள் முறை வந்தது. ஒலிபெருக்கியில் விடுதலைப் புலிகளின் அறிவிப்பு. இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேற வேண்டும். வடமாகாணம் முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் அந்த ஒக்டோபரில் வேரோடு பிடுங்கப்பட்டார்கள். எனக்குப் பன்னிரண்டு வயது. உம்மா அடுப்பில் வைத்த கறியை இறக்கக்கூட இல்லை.

நாங்கள் போனபின் இங்கே நடந்ததைத் திரும்பி வந்த பிறகுதான் கேட்டறிந்தேன். வடக்குக்குப் போகக்கூடாத பொருட்கள் என்று அரசாங்கம் ஒரு பட்டியல் வைத்திருந்தது. சவர்க்காரம், பற்றரி, எரிபொருள், சீமெந்து ஆகியவற்றோடு பசளையும் அதில் இருந்தது. யூரியாவிலிருந்து வெடிமருந்து செய்யலாம் என்பது காரணம். பம்பிக்கு மண்ணெண்ணெய் கிடைத்தாலும் விலை கேட்டால் தலை சுற்றும். விட்டுப்போன துலா திரும்பி வந்தது. குழையும் சாம்பலும் எருவும் திரும்பி வந்தன. மல்லாகத்தில் ஒரு தோட்டக்காரர் என்னிடம் சொன்னார்: "அந்த நேரம் நாங்கள் சாப்பிட்டது எல்லாம் நஞ்சில்லாத சாப்பாடுதான் தம்பி. ஆனா வயிறு நிறையச் சாப்பிட்டது எண்டு சொல்ல ஏலாது." 2002 போர்நிறுத்தத்தோடு பாதை திறந்ததும் முதலில் வந்த லொறிகளில் பசளை மூடையும் வந்தது. முற்றுகையில் கற்றதை யாரும் வைத்துக்கொள்ளவில்லை. பட்டினியோடு சேர்ந்து வந்த பழக்கம், பட்டினி போனதும் போய்விட்டது.

நாங்கள் போய் இறங்கிய இடமும் ஒரு குடாநாடுதான். புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் இருந்த வடபுல முஸ்லிம்கள் பலர், ஆணும் பெண்ணுமாக, கற்பிட்டிப் பக்கத்து வெங்காயத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போனார்கள். ராத்தாவுக்கு அப்போது பதினேழு வயது. விடிய ஐந்து மணிக்கு ட்ராக்டரில் ஏற்றிப்போவார்கள். களை பிடுங்கி, வெங்காயம் கிண்டி, பின்னேரம் வருவா. கையுறை, முகமூடி ஒன்றும் கிடையாது. மருந்தடித்த மறுநாளே அந்த வரம்புகளில் குந்தியிருந்து வேலை. கற்பிட்டி மணலுக்கும் யாழ்ப்பாணச் சுண்ணாம்புக்கும் ஒரே குணம், மேலே போட்டது கீழே தண்ணீரில் சேர்ந்துவிடும். அங்கேயும் நிலத்தடி நீரில் நைத்திரேற்று கூடியிருப்பதை ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

ராத்தாவின் நோய்க்கு அந்த வெங்காயத் தோட்டம்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு தனி மனிதருக்கு வந்த புற்றுநோயின் காரணத்தை அப்படி விரல் நீட்டிச் சொல்ல வைத்தியர்களாலேயே முடிவதில்லை. ஆனால் 'மருந்தடிக்காத மரக்கறி' என்று பேசும்போது நாம் எப்போதும் சாப்பிடுகிறவரைப் பற்றியே பேசுகிறோம். மருந்தின் முதல் வாடை படுவது அதை அடிக்கிறவருக்கும் அடுத்த நாள் அதற்குள் குந்தி வேலை செய்கிறவருக்கும். எங்கள் சமூகத்தில் ஒரு தலைமுறை அந்த இடத்தில் குந்தியிருந்தது. இந்த விஷயத்தில் நாம் வெறும் வாடிக்கையாளர் அல்ல.

தடைகள் இரண்டு

மூன்றாவது காலம் எல்லோருக்கும் நினைவிருக்கும். 2021 மே 6ஆந் திகதி வெளியான அதிவிசேட வர்த்தமானி, இரசாயனப் பசளை, பீடைநாசினி இறக்குமதியைத் தடைசெய்தது. ஒரே இரவில் முழு நாடும் சேதன நாடாகவேண்டும் என்றார்கள். போதிய சேதனப் பசளை நாட்டில் இல்லை. சீனாவிலிருந்து கப்பலில் வந்ததை, தீங்கான நுண்ணுயிர் இருக்கிறது என்று நமது தாவரத் தனிமைப்படுத்தல் சேவை இறக்கவிடவில்லை. நவம்பரில் தடை விலகியது. அதற்குள் பெரும்போக நெல்லுக்கு நேரம் தப்பிவிட்டது. விளைச்சல் சரிந்தது, அரிசி இறக்குமதி செய்தோம். அதற்குப் பிறகு 'சேதனம்' என்று வாயெடுத்தாலே தோட்டக்காரர் முகம் சுளிக்கிறார்கள். நல்ல சொல் ஒன்றைப் பழுதாக்கியதுதான் அந்தத் தடையின் எச்சம்.

அப்படியென்றால் தடை என்பதே பிழையா? இல்லை. நமது நாட்டிலேயே வெற்றிபெற்ற தடை ஒன்று இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைநாசினிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ், கொடிய நஞ்சுகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்திக்கொண்டு வந்தார்கள். 1995இல் உலக சுகாதார நிறுவனம் முதல் வகுப்பில் வைத்த மருந்துகள், 1998இல் எண்டோசல்பான், 2008க்குப் பின் பரகுவட் முதலியவை. அந்தக் காலத்தில் மருந்தைக் குடித்து உயிரை மாய்த்துக்கொள்வது கிராமங்களில் பெருந்துயரமாக இருந்தது. 1995க்கும் 2005க்கும் இடையில் நாட்டின் தற்கொலை வீதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. விளைச்சல் விழவில்லை, ஏனென்றால் தோட்டக்காரர் கையில் மாற்று மருந்து இருந்தது, பழக அவகாசமும் இருந்தது. 1995க்கும் 2021க்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

பக்கற்றின் பின்பக்கம்

மண்ணில் போடும் நஞ்சு ஒரு பக்கம். விளைந்ததற்குப் பிறகு கலக்கும் கலப்படம் மறுபக்கம். இரண்டாவதில் நம் சமூகத்துக்கு நீண்ட அனுபவம் உண்டு.

சந்தையில் தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) கைவிட்டுப் பார்த்து, மேலே காய்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருந்ததைக் கண்டு வியாபாரியைக் கண்டித்த சம்பவம் நாம் அறிந்தது. அந்த வழியில்தான் முஸ்லிம் நகரங்களில் ஹிஸ்பா என்ற சந்தை மேற்பார்வையும் முஹ்தஸிப் என்ற அதிகாரியும் வந்தார்கள். 12ஆம் நூற்றாண்டில் சிரியாவைச் சேர்ந்த அஷ்ஷைஸரீ அந்த அதிகாரிகளுக்காக எழுதிய கைநூலில் ரொட்டி சுடுபவர், இறைச்சி விற்பவர் என்று தொழிலுக்குத் தொழில் தனி அத்தியாயங்கள் உண்டு. ஐரோப்பாவில் இந்த உணர்வு பின்னால் வந்தது. 1820இல் ஃபிரெட்ரிக் அக்கும் என்ற இரசாயனவியலாளர் இலண்டனில் விற்ற உணவுகளின் கலப்படத்தை நூலாக எழுதி, கலந்தவர்களின் பெயரையும் அச்சிட்டார். 1860இல்தான் பிரித்தானியாவில் உணவுக் கலப்படச் சட்டம் வந்தது. நமது நாட்டில் இன்று நடைமுறையிலுள்ள உணவுச் சட்டம் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்கச் சட்டம்.

பக்கற்றைத் திருப்பிப் பார்த்து வாங்கும் பழக்கம் இலங்கையில் முதலில் முஸ்லிம் வீடுகளில்தான் பரவலாயிற்று என்று சொன்னால் மிகையாகாது. மற்றவர்கள் காலாவதித் திகதியை மட்டும் பார்த்த காலத்தில், நம் உம்மாமார் ஜெலற்றின் இருக்கிறதா, 120 இலக்கச் சிவப்புச் சாயம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். அது ஒருவகைப் பூச்சியிலிருந்து எடுப்பது. 471 தாவரக் கொழுப்பா விலங்குக் கொழுப்பா என்று கடைக்காரரைத் துளைத்தார்கள். அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமாவின் ஹலால் இலச்சினை அந்தத் தேடலுக்குக் கிடைத்த பதில். 2013இல் அதற்கெதிராக இனவாதக் கூச்சல் எழுந்து, மார்ச் மாதத்தில் உள்ளூர்ச் சந்தைக்கான சான்றிதழ் நிறுத்தப்பட்டது. 2014 முதல் தனி நிறுவனம் ஒன்று அந்தப் பணியைச் செய்கிறது. ஓர் இலச்சினை எவ்வளவு உதவியானது, எவ்வளவு சீக்கிரம் இல்லாமலாகக் கூடியது என்பது இரண்டும் நமக்குத் தெரியும்.

ஆனால் அதே பழக்கத்தில் ஒரு பலவீனமும் உண்டு. பட்டியல் கண்டால் நம்பிவிடுவோம். வைத்தியசாலை வாங்கில் ஒருவர் என்னிடம் மடித்த காகிதம் ஒன்றை நீட்டினார். புற்றுநோய் உண்டாக்கும் சேர்மானங்களின் பட்டியலாம். மிக ஆபத்தானது என்று தடித்த எழுத்தில் 330. அது சித்திரிக் அமிலம், தேசிக்காயில் இயற்கையாக இருப்பது. இந்தக் காகிதத்தின் பூர்வீகம் பிரான்ஸ். பாரிசுக்கு அருகே வில்ஜூய்ஃப் என்ற ஊரில் பெரிய புற்றுநோய் வைத்தியசாலை இருக்கிறது. 1976இல் அதன் பெயரைச் சொல்லி யாரோ பரப்பிய போலித் துண்டுப்பிரசுரம் அது. வைத்தியசாலை மறுத்தும் ஊர் ஊராகப் போய்விட்டது. சித்திரிக் அமிலம் அதில் ஏன் ஏறியது என்பதற்குச் சொல்லப்படும் விளக்கம் வேடிக்கையானது. உடலில் அந்த அமிலம் பங்குகொள்ளும் இரசாயனச் சுழற்சிக்கு, கண்டுபிடித்த விஞ்ஞானி கிரெப்ஸின் பெயர் வைத்திருக்கிறார்கள். ஜெர்மன் மொழியில் 'கிரெப்ஸ்' என்றால் புற்றுநோய்! பெயர்க் குழப்பம் ஒன்று அரை நூற்றாண்டு நடந்து, ஒரு புற்றுநோய் வைத்தியசாலை வாசலில் தொடங்கித் தெல்லிப்பழையில் இன்னொன்றின் வாசலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. நோயாளியின் பயத்தில் பிழைக்கும் தகவல் இப்படித்தான் பயணம் செய்கிறது.

குர்ஆன் உணவைப் பற்றிப் பேசும் இடங்களில் 'ஹலால்' என்ற சொல்லோடு 'தைய்யிப்' என்ற சொல்லையும் சேர்த்தே சொல்கிறது. ஆகுமானது ஒன்று, தூயதும் நல்லதும் மற்றொன்று. முதலாவதுக்கு நாம் இலச்சினை தேடினோம், சபை அமைத்தோம், போராடினோம். இரண்டாவதைக் கேட்கத் தொடங்கவேயில்லை. கோழி அறுத்த முறையைக் கேட்டோம். அது என்ன தின்று வளர்ந்தது என்று கேட்கவில்லை.

நான்காவது காலம்

இனி ராத்தாவின் மரக்கறிக்கு வருகிறேன்.

யாழ்ப்பாண நகரிலும் இப்போது 'இயற்கை உணவு' என்று பலகை போட்ட கடைகள் இருக்கின்றன. குரக்கன் மா, ஒடியல் மா, பனங்கட்டி, செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய். பனையிலிருந்து வருபவை பெரும்பாலும் நம்பத் தக்கவை, பனைக்கு யார் மருந்தடிக்கப் போகிறார்கள்? பதநீர் இறக்கும் முட்டிக்குச் சுண்ணாம்பு, மாவுக்கு வெயில், அவ்வளவுதான். மரக்கறிதான் சிக்கல். ஒரு கடையில் 'ஓகானிக்' என்று எழுதிய பொலித்தீன் பையில் கத்தரிக்காய் இருந்தது. எந்தத் தோட்டம் என்று கேட்டேன். விற்ற பிள்ளைக்குத் தெரியவில்லை. சேதன விளைபொருளுக்கு எஸ்.எல்.எஸ். 1324 என்று ஒரு தரம் நாட்டில் உண்டு, அந்தச் சான்று இருக்கிறதா என்றேன். அதுவும் தெரியவில்லை. விலை மட்டும் தெளிவாக எழுதியிருந்தது.

இன்னொரு இடத்தில், "இது உயர்பாதுகாப்பு வலயத்துக் காணியில விளைஞ்சது, இருபது வருசம் மருந்து காணாத மண்" என்றார்கள். வலிகாமம் வடக்கில் போருக்குப் பிந்திய ஆண்டுகளில் கட்டம் கட்டமாக விடுவித்த காணிகள் பல காடு பற்றிக் கிடந்தவை என்பது உண்மை. ஆனால் சில இடங்களில் படையினரே பயிர் செய்தார்கள். விடுவித்த பிறகு உரிமையாளர் என்ன போடுகிறார் என்பது வேறு கேள்வி. மண்ணின் பழைய சோகத்தை இன்றைய மரக்கறிக்குச் சான்றிதழாக விற்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

கடைசியில் தெல்லிப்பழைச் சந்திக்கு அப்பால் வீதியோரத்தில் சாக்கு விரித்து விற்றுக்கொண்டிருந்த ஒரு முதியவரிடம் நின்றேன்.

"ஐயா, இதுக்கு மருந்தடிச்சதோ?"

அவர் என் தொப்பியைப் பார்த்தார், ஆட்டோவில் தலையில் துணி சுற்றி உட்கார்ந்திருந்த ராத்தாவைப் பார்த்தார். "ஆசுப்பத்திரிக்கு வந்தனீங்களோ? கீரைக்கு ஒண்டும் அடிக்கிறேல்ல தம்பி, எருதான். முருங்கையும் வேலியில நிண்டது. கத்தரிக்குப் போன கிழமை அடிச்சனான். அதை இண்டைக்கு வாங்காதையுங்கோ. பத்து நாள் கழிச்சு வந்தா, அடிக்காம விட்ட ரெண்டு வரிசை இருக்கு, தாறன்."

ஒரு சான்றிதழும் இல்லை. ஆனால் எதை வாங்கக்கூடாது என்று விற்பவரே சொல்கிறார். வாப்பாவின் சைக்கிள் காலத்தில் இருந்தது இதுதான் என்று அப்போது பட்டது. அடுத்த முறை போனபோது அவர் சொன்னபடி இரண்டு வரிசையிலிருந்து கத்தரிக்காய் எடுத்துவைத்திருந்தார். பூச்சி குத்தியது, சின்னது, விலை கொஞ்சம் கூட. பேரம் பேசாமல் வாங்கினேன். பூச்சி தின்ற பங்கின் விலையையும் அவர் ஒருவரே சுமக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம்.

வழக்கம், முற்றுகை, வர்த்தமானி மூன்றிலும் தோட்டக்காரருக்குத் தெரிவு இருக்கவில்லை. நட்டத்தை முழுக்க அவரும் அவர் தோட்டத்துக் கூலியாளும் ஏற்றார்கள். வாங்குகிறவர் அந்த நட்டத்தில் பங்கெடுத்ததே இல்லை. அதனால்தான் நெருக்கடி தீர்ந்ததும் பசளை மூடை திரும்பி வந்தது. நான்காவது முறை நிலைக்க வேண்டுமானால் அது வாங்குகிறவரும் விற்கிறவரும் சேர்ந்து செய்துகொள்ளும் ஏற்பாடாக இருக்கவேண்டும். பிரேசிலிலும் இந்தியாவிலும் சிறு தோட்டக்காரர் குழுக்களாகச் சேர்ந்து, ஒருவர் தோட்டத்தை மற்றவர் பார்த்து, வாங்குபவரையும் அழைத்துக் காட்டி உறுதிப்படுத்தும் பங்கேற்பு முறை நடக்கிறது. செலவான சான்றிதழை வாங்க வசதியில்லாதவர்களுக்கு அதுதான் வழி.

அதை நாம் செய்யமுடியாதா? சோனகதெருவில் மீளக் குடியேறிய குடும்பங்கள் இருக்கின்றன. ஒரு மஹல்லாவில் இருபது குடும்பம் சேர்ந்து வலிகாமத்தில் இரண்டு தோட்டக்காரரோடு பேசலாம். எரு மட்டும் போட்ட வரிசையை நாங்கள் எடுக்கிறோம், குத்தலும் சேர்த்தே எடுக்கிறோம், விலை முன்கூட்டியே இது என்று பேசலாம். மருந்தடித்தால் என்ன மருந்து, என்றைக்கு அடித்தது என்று மறைக்காமல் சொல்லுங்கள், அறுவடைக்கு முன் போத்திலில் எழுதியிருக்கும் நாட்கள் கழியட்டும் என்று கேட்கலாம். மாதத்தில் ஒருநாள் பிள்ளைகளோடு போய்த் தோட்டத்தைப் பார்க்கலாம். 1990இல் அறுந்த பல தொடர்புகளில் இதுவும் ஒன்று. மாநாடு கூட்டி ஒட்டவைப்பதைவிட ஒரு கடகம் மரக்கறியில் ஒட்டவைப்பது இலகுவாக இருக்கலாம்.

ராத்தாவின் சிகிச்சை முடிந்து இப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டினால் போதும் என்றிருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். மரக்கறியால் சுகம் வந்தது என்று அவ சொல்வதில்லை, நானும் சொல்லமாட்டேன், வைத்தியர்கள் தந்த மருந்தால் வந்தது. ஆனால் அந்த ஐயாவிடம் போவதை நிறுத்தவில்லை. போன முறை அவர் விலை சொல்லமுன் ராத்தா கேட்டா: "ஐயா, மருந்தடிக்கேக்க முகத்துக்குத் துணி கட்டிறனீங்களோ?" அவர் சிரித்துக்கொண்டு இல்லையென்று தலையாட்டினார். அதற்கடுத்த முறை போகும்போது அவ ஒரு பெட்டி முகமூடியும் ஒரு சோடி இறப்பர்க் கையுறையும் கொண்டு போனா. கற்பிட்டியில் தனக்குக் கிடைக்காதவை அவை.